கலையைக் காசால் அவமதிக்காத ஊர்

கலைஞனை மதிக்கத் தெரிந்த ஊர் என்று சிலர் யாழ்ப்பாணத்தைச் சொல்வார்கள், சிலர் மட்டக்களப்பைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். திருகோணமலை மதிக்கிற மாதிரி மதிக்க அவர்கள் இன்னும் ஒரு தலைமுறை பழக வேண்டும். இங்கே ஓர் ஓவியரை மீன் சந்தையிலோ பஸ் நிலையத்திலோ கண்டால், "அந்தப் படம் என்ன விலை?" என்று கேட்டு எவரும் அவரைச் சிறுமைப்படுத்துவதில்லை. "என்ன மாஸ்டர், இன்னும் கீறுறீங்களோ?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கலை விற்பனைக்கல்ல என்பதை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை. விற்பனைக்கல்ல என்பதால் வாங்குவதும் இல்லை. கொள்கை என்றால் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டுமே.

அதிலும் அரூப ஓவியம் வரைகிறவர் என்றால் எங்கள் மரியாதை இன்னொரு படி ஏறிவிடும். பாடசாலை மண்டபம் ஒன்றில் கண்காட்சி என்று வையுங்கள். மங்கல விளக்கேற்றி, நாடா வெட்டி, வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆகும். அதன்பிறகு சுவரில் உள்ள படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவர ஏழெட்டு நிமிடம் போதும். அவ்வளவு கூர்மையான கண்கள் எங்களுக்கு. போன கண்காட்சியில் ஒரு பெரியவர் ஒரு படத்தின் முன் நின்றார். அந்த ஓவியர் அதில் நான்கு மாதம் வேலை செய்திருந்தார்.

"தம்பி, இதில கோணேசர் எங்க இருக்கிறார்?"

"ஐயா, இது கோணேசர் கோயில் இல்லை."

"அப்ப இராவணன் வெட்டோ?"

"இல்லை ஐயா. இது ஒரு இடமும் இல்லை. நிறமும் கோடும்தான்."

"ஓ... நல்லாயிருக்கு. ஆனா கோணேசரைக் கீறியிருந்தா இன்னும் நல்லாயிருக்கும்."

எவ்வளவு தாராள மனம் பாருங்கள். ஒரு படத்தைப் பார்க்க வந்தவர், அடுத்து வரைய வேண்டிய படத்துக்கான யோசனையையும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். இப்படிப்பட்ட யோசனைகள் எங்கள் ஓவியர்களிடம் ஏராளம் சேர்ந்திருக்கின்றன. சுவாமிமலை, கோட்டைக்குள் மேயும் புள்ளிமான், நிலாவெளியில் தென்னைமரத்தோடு சூரிய உதயம். இந்த மூன்றையும் சலிக்காமல் வரைந்துகொண்டிருந்தால் ஒருவர் கடைசிவரை நல்ல ஓவியர்.

எங்களுக்கு அரூபம் விளங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேலைக் கடையில் போய்ப் பாருங்கள். மயில்கழுத்து நிறத்துக்கு எந்தக் கரை எடுக்கும், மாம்பழ மஞ்சளில் அரக்கு எவ்வளவு கலந்தால் கண்ணைக் குத்தாது என்பதையெல்லாம் எங்கள் பெண்கள் பத்துச் சேலையைப் பிரித்துப் போட்டுத் தீர விசாரிப்பார்கள். உடலில் ஓடும் கட்டம் எதைக் குறிக்கிறது, இந்தக் கோட்டின் கருத்தென்ன என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிறவர்களைக் கேளுங்கள்; தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழமும் நீரோட்டமும் சொல்வார்கள். சாம்பலில் பச்சை ஏறுகிறதா, பச்சையில் கறுப்பு இறங்குகிறதா என்று பிரித்தறியும் கண் அது. அந்தக் கண்ணைப் படத்தின் முன்னால் கொண்டுவந்தால் மட்டும் அது ஓய்வெடுத்துக்கொள்கிறது. பாவம், அதற்கும் ஓய்வு வேண்டாமா?

சீனக்குடாப் பக்கம் போனால் இன்னும் நன்றாக விளங்கும். ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்று நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்துபோனது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் உப்புக்காற்றும் மழையும் காடும் பல பத்தாண்டுகளாக வேலை செய்திருக்கின்றன. செம்மண் நிறத்தில் ஒரு பெரிய பரப்பு, அதன் நடுவே கறுத்து இறங்கும் கீற்று, விளிம்பில் பழைய வெள்ளைப் பெயின்ற்றின் மிச்சம். இந்தத் துருவின் அருமை தெரிந்த இரண்டு நாடுகள் 2022 ஜனவரியில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதின. இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. அதே துருவை ஒருவர் மூன்றடிக் கன்வசில் கொண்டுவந்தால், "என்ன மாஸ்டர், துருப்பிடிச்ச தகரம் மாதிரிக் கிடக்கு" என்போம். சரியாகத்தானே சொல்கிறோம்? ரசனை இல்லாதவனுக்கு அதுகூடத் தெரிந்திராது.

நான் அறிந்த ஓவியர் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் அவருக்கு மரியாதை இன்னும் கூடிவிடும் என்பதால் விடுகிறேன். காலையில் சித்திர ஆசிரியர். தவணை முடிவில் சித்திரப் பாடவேளை வந்தால் கணித ஆசிரியர் வாசலில் வந்து நின்று, "மாஸ்டர், பிள்ளைகளுக்குச் சோதினை வருகுது, இந்தப் பாடத்தை எனக்குத் தாங்கோ" என்பார். அவரும் கொடுத்துவிடுவார். சித்திரப் பாடத்துக்கு ஊர் செய்கிற கௌரவம் அது. எந்த நேரமும் விட்டுக்கொடுக்கக்கூடிய பெருந்தன்மை வேறெந்தப் பாடத்துக்கு உண்டு? பின்னேரம் பைபர் வள்ளங்களுக்குப் பெயரும் பதிவிலக்கமும் எழுதப் போவார். முன்பு கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் எழுதினார். டிஜிட்டல் பிரின்ற் வந்தபிறகு அந்தச் சுமையையும் ஊர் அவர் தோளிலிருந்து இறக்கிவிட்டது.

வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய எனாமல் வீட்டுக்கு வரும். குசினிக்குப் பின்னால் தகரச் சார்ப்பு ஒன்று; அங்கேதான் கன்வஸ். ஒருமுறை அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் முழுப் பரப்புக்கும் சாம்பல் நீலம். அது பாதி காய்ந்த நிலையில் கறுப்பு எனாமலைத் தின்னர் விட்டு இளக்கி மேலே ஊற்றிச் சாய்த்தார். அடியில் உள்ள எண்ணெய் வர்ணம் காயுமுன் மேலே எனாமல் விழுந்தால் தோல் சுருங்கி வெடிக்கும். எல்லாரும் அதைப் பிழை என்பார்கள். அவர் எந்த இடத்தில் எவ்வளவு சுருங்க வேண்டும் என்று பார்த்து ஊற்றினார். பிறகு வள்ளத்தின் அடியில் பாசி சுரண்டுகிற தகட்டை எடுத்து, வெடித்த இடத்தில் ஓரங்குலம் மட்டும் சுரண்டினார். உள்ளே இருந்த பழைய சிவப்பு ஒரு கீற்றாக வெளியே வந்தது. சுரண்டிவிட்டு அரைமணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றார். வாடைக் காலத்தில் இந்தப் பரப்புக் காய வாரக்கணக்கில் ஆகும் என்றும், கச்சான் வீசும் ஆடியில் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும் என்றும், அதனால் ஒரே படம் இரண்டு காலத்தில் இரண்டு படமாக வரும் என்றும் சொன்னார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "சும்மா நிக்கிற நேரம் தண்ணி மோட்டரையாவது போடுங்கோவன்."

அந்த அரைமணித்தியாலம்தான் அவருடைய தொழிலின் முக்கால் பங்கு. ஊருக்கு அது சும்மா நிற்பதாகத் தெரிவதில் பிழையே இல்லை. நாங்கள் அவருக்கு நேரம் கொடுப்பதில்லை என்றும் யாரும் குறைசொல்ல முடியாது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு விடியும் வரை முழுக்க முழுக்க அவருடையது.

இந்த நேரக் கணக்கில் பிரித்தானியர் எங்களிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். 1877 இல் லண்டனில் விஸ்லர் என்ற ஓவியர், தேம்ஸ் நதிக்கரை இரவில் வாணம் வெடித்துச் சிதறுவதை ஏறக்குறைய உருவமே இல்லாமல் கறுப்பும் பொன்னுமாகத் தீட்டிய ஒரு படத்தைக் காட்சிக்கு வைத்தார். விலை 200 கினி. ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர், பெயின்ற் வாளியைச் சனங்களின் முகத்தில் வீசியடித்ததற்கா இந்த விலை என்று எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று 1878 இல் மன்றில் கேட்கப்பட்டபோது, ஒரு ஆயுள் முழுக்கக் கற்றதற்கு என்று பதில் சொன்னார். தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது. நட்டஈடு ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி. செலவுத்தொகை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஆள் முறிந்து வங்குரோத்தானார். எங்கள் ஊரில் இப்படியொரு அநியாயம் நடக்க வாய்ப்பே இல்லை. இங்கே எந்தப் பத்திரிகையிலும் அரூப ஓவியத்தைப் பற்றி வழக்குப் போடுமளவுக்கு ஒரு வரி வருவதில்லை.

துறைமுகத்துக்கும் அரூபத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. இலங்கையின் அரூப ஓவியத்துக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஜோர்ஜ் கிளாசன் (1909–1999) கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவில் படவரைஞராக வேலை பார்த்தவர். தூரிகை பிடிக்கத் தானே கற்றுக்கொண்டவர். 1943 இல் லயனல் வென்ட்டும் ஹரி பீரிசும் ஜோர்ஜ் கீற்றும் மற்றவர்களும் கூடித் தொடங்கிய 43 குழு என்ற கலைஞர் அமைப்பில் அவரும் ஒருவர். பகலில் கப்பல்துறையின் அளவுகோடுகளை வரைந்தார், மிச்ச நேரத்தில் அளவில்லாத கோடுகளை. நாடு அவரை எவ்வளவு மதித்தது என்றால், 1940களின் முடிவில் அவர் கிளம்பிப்போய் லண்டனில் குடியேறி, அங்கேயே வாழ்ந்து முடித்தார். அதே குழுவின் ஐவன் பீரிசும் பிறகு இங்கிலாந்து போனார். தூரத்தில் இருக்கும் கலைஞரை நேசிப்பது சுலபம் என்பதை அறிந்து, கலைஞரைத் தூரத்துக்கு அனுப்பிவைக்கிற நுட்பம் எங்களுக்குக் கைவந்தது.

அரசாங்கங்கள் அரூபத்தை மதிப்பதில்லை என்பதும் அவதூறு. முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், நோர்மன் வில்கின்சன் என்ற கடலோவியரின் யோசனைப்படி பிரித்தானியக் கப்பல்களுக்குக் கோணல்மாணலான கறுப்பு வெள்ளை நீலப் பட்டைகள் அடித்தார்கள். நீர்மூழ்கிக்காரனுக்குக் கப்பல் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பிடிபடக் கூடாது என்பது எண்ணம். நவீன ஓவியரான எட்வர்ட் வாட்ஸ்வேர்த் துறைமுகங்களில் நின்று அந்த வேலையை மேற்பார்வை செய்தார். உலகத்தின் மிகப்பெரிய அரூப ஓவியங்கள் அவைதாம். ஆயிரக்கணக்கான தொன் எடை. செலவு எவ்வளவு, இதற்குக் கருத்தென்ன, இதில் கோணேசர் எங்கே என்று எந்த அமைச்சும் கேட்கவில்லை. கொல்வதற்கோ கொல்லப்படாமல் இருப்பதற்கோ என்றால் அரூபம் உடனே விளங்கிவிடுகிறது.

நாங்களும் கண்டவர்கள்தானே. போர்க்காலத்தில் திருகோணமலைத் தெருக்களில் காவலரண்களின் முன்னால் நின்ற தார்ப் பீப்பாய்களை நினைத்துப் பாருங்கள். பச்சை, கறுப்பு, மண்நிறம் என்று திட்டுத்திட்டாக அடித்திருக்கும். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு நிரந்தரக் கண்காட்சி. பார்வையாளர் இறங்கி நடந்துபோய், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். சந்திரகுப்த தேனுவர என்ற சிங்கள ஓவியர் 1997 இல் இதே பீப்பாய்களைக் காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்து, பீப்பாயியம் என்று ஒரு இயக்கத்துக்கே பெயர் வைத்தார். அவர் கொழும்பில் செய்தது கலை. எங்கள் சந்தியில் நின்றது பாதுகாப்பு. திட்டுகள் ஒன்றுதான்.

இலவசமாக வரைந்து கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் பண்பாடே இருக்கிறது. 2019 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களுக்கு ஓவியம் தீட்டக் கிளம்பினார்கள், நினைவிருக்கும். அன்றிலிருந்து எந்த மதிலைக் கண்டாலும் எங்களுக்கு ஓவியர் நினைவு வந்துவிடுகிறது. பாடசாலையின் நூற்றாண்டு விழா, கோயில் கும்பாபிஷேகம், விளையாட்டுக் கழகம், டெங்கு ஒழிப்பு வாரம். "மாஸ்டர், ஒரு சின்ன வேலை. நாங்கள் சாப்பாடு தாறம், உங்கட பேரைக் கீழே போடலாம்." நூறடி மதிலுக்குச் சின்ன வேலை என்று பெயர். மேசன் ஒருவரிடம், இந்த மதிலைக் கட்டித் தாரும், உமது பெயரைக் கீழே போடலாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. மேசனுக்கு நாட்கூலிதான் கொடுக்க முடியும். அவ்வளவு பெரிய கௌரவத்துக்கு அவர் தகுதியில்லாதவர். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதி வர்ணக் குழாய்களும் கூடவே ஏறின. மதிலுக்கு அழைப்பது மட்டும் பழைய விலையிலேயே நின்றது. பணவீக்கம் தொடாத ஒரே துறை.

வாங்குகிறவர்கள் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கடற்கரை ஹோட்டல் முதலாளி ஒருவர் எங்கள் மாஸ்டரின் அரூபப் படத்தை வாங்கவே வந்தார். நின்று பார்த்தார், உண்மையாகவே ரசித்தார். "இந்த நீலத்தைக் கொஞ்சம் கூட்டித் தரலாமோ? லொபியில கதிரைக் கவர் எல்லாம் அந்த நிறம். அகலத்திலயும் ஒரு அடி குறைச்சா சுவருக்கு அளவா வரும்." தையற்காரரிடம்கூட இவ்வளவு பணிவாக யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொருவர் புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். அங்கே நூதனசாலைகளுக்கெல்லாம் போய்வந்தவர், அரூப ஓவியர் ரொத்கோவைப் பற்றி அரைமணி பேசினார். விலையைச் சொன்னதும், "என்ன தம்பி, ஊர்க்காரனுக்கு ஊர்விலை இல்லையோ?" என்றார். அங்கே நுழைவுச் சீட்டுக்கும் கன்ரீன் கோப்பிக்கும் அவர் கொடுத்த காசைவிடச் சொன்ன விலை பெரிதல்ல. ஆனாலும் அந்நியர்களிடம் காட்டுகிற தாராளத்தைச் சொந்தக்காரரிடம் காட்டினால் அது உறவாகுமா?

ஆகவே மாஸ்டர் கொழும்புக்குப் போவார். கலா பொல என்ற திறந்தவெளிச் சித்திரச் சந்தை 1993 முதல் அங்கே நடக்கிறது. கன்வசுகளைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, நாலங்குல பிவிசி பைப்புக்குள் செருகி, இரண்டு பக்கமும் மூடி போட்டு இரவு ரயிலில் ஏறுவார். கல்லோயாச் சந்தி தாண்டி இருட்டுக்குள் போகிற அந்த ரயிலில், "என்ன அண்ணை, குழாய்க்கிணறு வேலையோ?" என்று பக்கத்தில் இருக்கிறவர் விசாரிப்பார். சந்தை நடக்கும் தெருவுக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். கீழைத்தேயக் கலையை உலகத்துக்கு விளக்கிய அந்தத் தமிழர் வழிவந்த மனிதர் 1917 முதல் 1947 இல் இறக்கும்வரை அமெரிக்காவில், பொஸ்டன் நூதனசாலையில் வேலை செய்தார். நாங்கள் அவருக்குக் கொடுத்தது ஒரு தெரு. தெருவில் படம் விற்கலாம் என்ற யோசனை அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

விருதுகளைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். 60 வயதைத் தாண்டிய கலைஞர்களுக்கு அரசு கலாபூஷணம் வழங்குகிறது. ஆழ்ந்த யோசனை. இருபத்தைந்து வயதில் ஒருவருக்குக் கன்வசும் ஒரு அறையும் கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும்? வரைந்துகொண்டே இருந்துவிட்டால் ஆபத்து. அறுபதுக்குப் பிறகு கண்ணில் வெண்புரை, கையில் நடுக்கம். அப்போது பொன்னாடை போர்த்தினால் அவரால் கழற்றிக்கொண்டு ஓடவும் முடியாது. மாஸ்டர் வீட்டு அலுமாரியில் பதினேழு பொன்னாடை இருப்பதாக அவருடைய மனைவி எண்ணிச் சொன்னார். ஒன்றும் கன்வசுக்கு உதவாது, துணி மெல்லிது, பசை நிற்காதாம்.

யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்குவை (1933–2000) எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியராக இருந்துகொண்டே ஒரு தலைமுறைக்கு நவீன ஓவியம் கற்றுக்கொடுத்தவர். 1995 இடப்பெயர்வில் அவருடைய படங்கள் பல தொலைந்தன. அதற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது, போர் நடந்தது. ஆனால் வீடுகளுக்குள் பரவிக் கிடந்திருந்தால் சிலவாவது சிலரின் கையோடு போய்த் தப்பியிருக்கும். வாங்கிச் சுவரில் மாட்டாமல், எல்லாவற்றையும் வரைந்தவரிடமே பத்திரமாக விட்டுவைத்த எங்கள் பண்பினால்தான் ஒரே நாளில் அவ்வளவும் போயின.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர் ஒரு பெரிய தவறு செய்தார்கள். 1966 இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் என்று ஒரு ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, குடிசை போட்டு, பகலில் பத்திக்கும் மற்ற நேரத்தில் ஓவியமுமாக வாழ்ந்தார்கள். யாருடைய பொன்னாடைக்கும் காத்திருக்கவில்லை. விளைவு என்ன? பல பத்தாண்டுகளாக அந்தக் கிராமம் அங்கேயே நிற்கிறது, படம் விற்கிறது, ஓவியர்களின் பெயர்கள் உலகத்துக்குத் தெரிகின்றன. கடலும் மணலும் பத்திக் தெரிந்த கையும் திருகோணமலையிலும் உண்டு. அந்தத் தவறை நாங்கள் இன்னும் செய்யவில்லை, செய்யும் உத்தேசமும் எங்கும் தெரியவில்லை.

மாஸ்டரின் அடுத்த கண்காட்சிக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. ஆறு பேர் பேசுகிறார்கள். குடும்பத்தோடு வாருங்கள், படங்களுக்கு முன்னால் நின்று செல்பி எடுங்கள், கோணேசரைத் தேடுங்கள். எந்தப் படத்தின் கீழும் விலை எழுதியிருக்காது, கேட்டால் சொல்வார். கேட்டுவிட்டு, அவர் சொன்ன தொகையைப் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்து, படத்தையும் கையோடு தூக்கிக்கொண்டு போய் இத்தனை காலம் இந்த ஊர் கட்டிக்காத்த நல்ல பெயரைக் கெடுத்துவிடாதீர்கள்.